இருபது கிலோ வில்

எனக்கு நன்றி சொல்ல வராது. திட்டச் சொன்னால் மூச்சு விடாமல் திட்டுவேன். அதனால் இதை நன்றி சொல்வதற்காகத்தான் ஆரம்பிக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் என் வீட்டுக்காரரை நாலு வார்த்தை திட்டினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய் அப்படியே பழகிவிட்டது.

என் பெயர் ருக்குமணி. கொல்லிமலையில் குண்டனி நாட்டில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறோம். கீழ்ப்பக்கம் மரவள்ளி, மேட்டில் கொஞ்சம் சாமை. மகள் கலைச்செல்வியை நாமக்கல்லில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நானும் அவரும்தான். அவர் பெயர் காளியண்ணன். ஊரில் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எனக்கு மட்டும் முப்பது வருடமாக அவர் ‘ஏனுங்க’தான்.

அவருக்கு வில் செய்கிற பைத்தியம். வேறு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, இது ஒன்றுதான். ஆடி மாதம் செம்மேட்டில் ஓரி விழா நடக்கும்போது வில் போட்டியை வருடம் தவறாமல் போய்ப் பார்க்கிறவர். கொரோனா வந்து விழா நின்ற வருடம், சும்மா இருக்க முடியாமல் போனில் வில் செய்கிற வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். மூங்கிலில் ஒன்று செய்தார். முதல் இழுப்பிலேயே முறிந்து நெற்றியில் அடித்தது. பாக்கு மரத்தில் ஒன்று செய்தார், அதுவும் முறிந்தது. “விட்டுத் தொலைங்க” என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதாவது வில் முறியாமல் நின்றது. அன்றைக்கு அவர் சோறு தின்ன மறந்துபோனார்.

கூட்டாளிகளும் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் மெக்கானிக் செங்கோடன். இன்னொருவன் இளங்கோ, காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பைக்கில் மலையேறி வருகிறவன். மூன்று பேரும் சாமை அறுத்த காட்டில் சாக்குக்குள் வைக்கோல் அடைத்து நிறுத்திவிட்டு, பொழுது சாயும் வரை அம்பு விடுவார்கள். ஒரு முயலைக்கூடக் குறி வைக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் காட்டுப்பன்றி எங்கள் மரவள்ளியைத் தோண்டித் தின்னும், இந்தப் பக்கம் இவர்கள் சாக்கைக் குத்திக்கொண்டிருப்பார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் மேட்டுக்காட்டில் ஒரு தடசு மரம் காற்றில் விழுந்தது. தடசு எவ்வளவு வளைத்தாலும் சட்டென்று முறியாது. கோடாலிக் காம்புக்கும் சுமை தூக்கும் கம்புக்கும் அதைத்தான் தேடுவார்கள். அவர் அதை ஆப்பு வைத்துப் பிளந்தார். முறுக்கல் இல்லாமல், முடிச்சு இல்லாமல், ஆளுயரத்துக்கு ஒரே ஒரு துண்டுதான் தேறியது. இரண்டு முனையும் வெடிக்காமல் இருக்கப் பெயிண்ட் பூசி, சமையலறைப் பரணில் ஏற்றி வைத்தார். மூன்று வருடம் காய வேண்டுமாம். பரணில் இருந்த என் பித்தளை அண்டா கட்டிலுக்கு அடியில் போனது. அதற்காக நான் மூன்று வருடமும் திட்டினேன், ஒரு வாரம்கூட விட்டுவைக்கவில்லை.

போன வருடம் ஐப்பசியில் அதை இறக்கி வேலையை ஆரம்பித்தார். வில்லின் வெளிப்பக்கத்தில் கத்தி படக்கூடாது. பட்டைக்கு அடியில் இருக்கும் மரம் அப்படியே முழுசாக இருக்க வேண்டும், அங்கே ஒரு கீறல் விழுந்தால் வில் போச்சு. உள்பக்கத்தை மட்டும்தான் சுரண்ட வேண்டும். முதலில் அரிவாளால் செதுக்கி, அப்புறம் உடைந்த பாட்டில் கண்ணாடியால் சுரண்டுவார். நாலு சுரண்டல் சுரண்டுவார். சுவரில் அடித்த முளையில் வில்லை மாட்டி நாணை இழுத்துக் கட்டுவார். பத்தடி தள்ளி நின்று இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். மறுபடி நாலு சுரண்டல். இப்படி இரண்டு மாதம்.

“இன்னுங் கொஞ்சம் சேத்துச் சுரண்டுனா சீக்கிரம் முடியுமில்லீங்க?” என்று கேட்டேன்.

“சுரண்டறது சுலுவு அம்மிணி” என்றார். “எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் வில்லோட பலம் கொறையும். எங்க நிறுத்தோணும்னு தெரியோணும், அதான் வேலையே.”

மார்கழிக் கடைசியில் வில் முடிந்தது. நாங்கள் மிளகு மூட்டை எடை போடுகிற தொங்கு தராசை உத்திரத்தில் கட்டி, அதன் கொக்கியில் நாணை மாட்டி, வில்லைக் கீழே இழுத்தார். முழு இழுப்பில் தராசு இருபது கிலோ காட்டியது. நானே கண்ணால் பார்த்தேன். செங்கோடனும் இளங்கோவும் அந்த எண்ணைப் பார்த்த பார்வை, பிறந்த குழந்தையின் எடையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“ஆடிக்கு இதுதான். போட்டிக்குப் பேர் குடுத்துர்றேன்” என்றார் இவர். அத்தனை வருடம் வேடிக்கை பார்த்தவர் அப்படிச் சொன்னது எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே காட்டவில்லை.

தை மாதம் மிளகு பறிக்கும்போது நான் ஏணியிலிருந்து விழுந்தேன். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில், கணுவில் கால் வைத்து ஏற வேண்டும். இருபத்தைந்து வருடமாக ஏறுகிறேன், அன்றைக்குக் கால் வழுக்கியது. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. நாமக்கல்லில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு பார்த்தால் கை பாதிக்கு மேல் மடங்கவில்லை.

பிசியோதெரபிக்கு ஆர்த்தி என்று ஒரு பெண் இருந்தாள். ஸ்கேல் மாதிரி ஒன்றை வைத்து என் முழங்கையை அளந்தாள்.

“எழுவது டிகிரி மடங்குதுங்க. சாப்பிட, தலை சீவ எல்லாம் நூத்தி முப்பது வேணும். ஆறு மாசத்துக்குள்ள எவ்வளவு மடங்குதோ அவ்வளவுதான் அப்புறம் நிக்கும். விடாம எக்சர்சைஸ் பண்ணோணும்” என்றாள். ஆறு மாதம் என்றால் ஆடி வரைக்கும்.

சோற்றை இடது கையால் ஸ்பூனில் அள்ளித் தின்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கொண்டை போட முடியாததைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு முடி இடுப்புக்குக் கீழே இருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நானே முடிந்துகொண்ட முடி. காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றி முடிந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி. இனி சாகும் வரை இன்னொருவரிடம் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டுமோ என்றுதான் எந்நேரமும் நினைப்பு.

அந்த வேலையை என் வீட்டுக்காரர்தான் செய்தார். அவர் கத்தாழை நாரில் வில்லுக்கு நாண் திரிக்கிறவர். என் முடியையும் அதே மாதிரி இரண்டு புரியாகப் பிரித்து, முறுக்கி, புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இறுக்கி, இடது காதுப் பக்கமாக ஒரு கொண்டை வைப்பார். பக்கத்துக் காட்டுப் பாவாயி அக்கா அதைப் பார்த்துவிட்டு, “ஏனம்மிணி, காளியண்ணன் உனக்கும் நாண் ஏத்திட்டானா?” என்றாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரைத் திட்டினேன்.

ஆர்த்தி ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை கொடுத்திருந்தாள். அதை ஜன்னலில் கட்டி இழுக்க வேண்டும். ரப்பரோடு எனக்கு ஒத்துவரவில்லை. வலித்தால் கொஞ்சமாக இழுத்துவிட்டு நிறைய இழுத்ததாக நினைத்துக்கொள்வேன். யார் பார்க்கிறார்கள்? ஒரு மாதம் கழித்து அளந்தால் எழுபத்தைந்து டிகிரி.

சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ரப்பரை அவிழ்த்து வெளியே எறிந்தேன். சுவரில் அந்தத் தடசு வில் நாணேற்றி மாட்டியிருந்தது, அன்றைக்கு ஞாயிறு, கூட்டாளிகள் வருகிற நாள். இவர் என்னை விட்டுவிட்டு மணிக்கணக்காகப் பார்க்கிற வில்தானே இது, பார்க்கலாம் என்று இடது கையில் எடுத்தேன். அம்பு ஒன்றைத் தொடுத்து வலது கையால் இழுத்தேன். ஒரு சாண்தான் வந்தது. ஆனால் அம்பில் எவ்வளவு வந்தது என்று கண் முன்னால் தெரிந்தது. அதில் ஏமாற்ற முடியாது. அதுவே எனக்குப் பிடித்துப்போனது.

அவர் உள்ளே ஓடி வந்தார். “உட்றாத. மெதுவா எறக்கு. இல்லீன்னா கை போயிரும்.”

இறக்கினேன். “இனிமே ரப்பரு வேண்டாமுங்க. இதுலயே பண்றேன்” என்றேன்.

“இது இருவது கிலோ அம்மிணி. எலும்பு இப்பத்தான் கூடுது.”

“நான் நாப்பது கிலோ மொளகு மூட்டைய முதுகுல வெச்சவ.”

அவர் இரண்டு நாளில் மூங்கிலில் ஒரு சின்ன வில் செய்து கொண்டுவந்து நீட்டினார். நாலு கிலோவாம். அதை வாங்கிப் பார்த்தேன். என் கை அவ்வளவுதான் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி இருந்தது. “இதைக் கொண்டுபோய்த் தொட்டில்ல கட்டுங்க” என்று வாசலில் வீசினேன். அது போய் கோழிக்கூண்டு மேல் விழுந்தது.

அவர் அதை எடுத்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த தடசு வில்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “சரி. அந்த வில்லுலயே பண்ணு. ஆனா நாளைக்கு வேண்டாம், நாளன்னைக்கு ஆரம்பி. வெந்நி ஒத்தடம் குடுத்த பின்னாலதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவ, அதுக்கு மேல கெடையாது” என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வெளியடுப்பில் அவரே வெந்நீர் வைப்பார். முன்பெல்லாம் அவர் அடுப்பு மூட்டினால் வீடு முழுக்கப் புகைதான் வரும், தீ வராது. இப்போது ஒரே குச்சியில் குப்பென்று பற்றியது. “பரவால்லீங்களே, அடுப்புப் பத்தவெக்கக் கத்துக்கிட்டீங்க” என்று ஒரு நாள் வாய் தவறிப் பாராட்டிக்கூட விட்டேன். அவர் குனிந்து ஊதிக்கொண்டே சிரித்தார்.

ஒத்தடம் முடிந்ததும் வில்லை எடுப்பேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, எவ்வளவு இழுக்கிறேனோ அந்த இடத்தில் அம்பில் பேனாவால் ஒரு கோடு போடுவேன். இரண்டாவது வெள்ளிக்கே கோடு மூன்று விரல் நகர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவாயி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வைகாசியில் கை வாய்க்கு எட்டியது. முதல் கவளம் சோற்றை வலது கையால் எடுத்து வாயில் வைத்தபோது, வெறும் ரசம் சோறு, அப்படி ருசித்தது. ஆனால் கொண்டை மட்டும் வரவில்லை. தினமும் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்ப்பேன். காதோடு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வந்தால் இவர் அந்த வில்லை வேட்டியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார். “வில்லு எங்கீங்கண்ணா?” என்று செங்கோடன் கேட்டால், “எண்ணெ பூசிக் காயுது” என்பார். எத்தனை ஞாயிறு காயும்? பொண்டாட்டி இழுக்கிற வில் என்று சொல்ல வெட்கப்படுகிறார் போல என்று நினைத்து அதற்கும் ஒரு பாட்டுத் திட்டினேன்.

ஆனிக் கடைசி வெள்ளியன்று அம்பு முழுசாக வந்தது. நாண் என் கன்னத்தைத் தொட்டது. சாக்குக்கு நேராக விட்டேன், போய்க் குத்தி நின்றது. இருபது கிலோ. ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் சொன்னேன். மளிகைக் கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “இருவது கிலோ வில்ல கன்னம் வரைக்கும் இழுக்கறேன் சாமி” என்றேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள்.

ஆடி பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். மழைக்குப் புதுசாகத் தளிர்விட்ட மிளகுக்கொடிகள் மரத்தைப் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன. இழுத்துக் கட்டாவிட்டால் காற்று பிய்த்துப் போட்டுவிடும். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. இவர் செம்மேட்டுக்குப் போயிருந்தார். இருபது கிலோ இழுக்கிற கைக்கு ஏணி ஒரு பொருட்டா என்று நினைத்தேன். மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து ஏறினேன். நாலாவது கணுவில் கால் வைத்திருப்பேன், கீழே அவர் குரல் கேட்டது.

“எறங்கு அம்மிணி.”

“ஏனுங்க, எதுக்குப் பதர்றீங்க? இருவது கிலோ இழுக்கற கை, ஒரு மூங்கிலப் புடிக்காதா?”

நான் அடுத்த கணுவுக்குக் காலைத் தூக்கினேன். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார், “அது இருவது கிலோ இல்ல. நாலு கிலோதான். நான் சுரண்டிட்டேன்.”

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. இறங்கினேன். நேராக வீட்டுக்குப் போய் வில்லையும் தராசையும் வாசலுக்கு எடுத்து வந்தேன். தராசை வேப்பங்கிளையில் மாட்டி, நாணைக் கொக்கியில் போட்டு, அம்பு அளவுக்கு இழுத்துப் பார்த்தேன். மூன்று கிலோ தொள்ளாயிரம். மிளகுக்காரிக்கு எடைதான் கணக்கு. மார்கழியில் ஒரு தடவை இருபது என்று பார்த்தவள், அது இருபதாகவே இருக்கும் என்று நம்பிவிட்டேன். வில் மிளகு மூட்டையா என்ன, கட்டி வைத்த எடை அப்படியே இருக்க?

அப்புறம் வாயைத் திறந்தேன்.

“மூணு மாசமுங்க. மூணு மாசமா இழுத்து, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மளிகைக் கடைக்காரன் கும்பிடு போட்டானுங்க என்னைப் பாத்து. பெத்த பொண்ணுகிட்டச் சொல்லி அழ வெச்சேன். இத்தனையும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே, நீங்க மனுசன்தானுங்களா? என் கை தேறவே இல்ல, வில்லுதான் தேஞ்சிருக்குது. அப்போ நான் பழைய நொண்டிக் கைதானுங்களே? ஆடியும் வந்திருச்சு, ஆர்த்தி சொன்ன கெடுவும் முடிஞ்சுது. இனி மேலுக்கு என் கை இப்படியேதான்னு எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க?”

ஆடிக் காற்று எங்கள் வாசலில் அறைந்து வீசும். காலையில் அவர் போட்ட கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் என் முகத்தில் விழுந்தது, வாயிலும் போனது. அதைத் தள்ளிவிட்டுத் திட்டினேன். மறுபடி விழுந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே நான் திட்ட, அவர் என் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் பேசறது காதுல உழுகுதா இல்லீங்களா?”

“உழுகுது” என்றார். “கைய எறக்காத. அப்பிடியே வெச்சுக்க.”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் இரண்டு கையும் தலைக்குப் பின்னால் இருந்தன. இடது கையில் முடிக்கற்றை, வலது கை அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. கோபத்தில் எப்போதும் செய்வதை, ஆறு மாதத்துக்கு முன்னால் செய்த மாதிரியே, கை தானாகச் செய்துகொண்டிருந்தது. மெதுவாக இன்னொரு சுற்று சுற்றினேன். நுனியை உள்ளே சொருகினேன். முழங்கை சுருக்கென்று வலித்தது. கொண்டை நின்றது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

என் கொண்டையைப் பார்த்து, “கோணலா இருக்குது” என்றார்.

“இருக்கட்டுமுங்க. நான் போட்டது.”

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான் மூங்கில் வில்லை எறிந்த அன்றைக்கே அவர் ஆர்த்திக்குப் போன் போட்டிருக்கிறார். கை கன்னத்துக்கு வருவது நல்லதுதான், ஆனால் பலம் முக்கியமில்லை, மடங்குவதுதான் முக்கியம், நாலைந்து கிலோவுக்கு மேல் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். லேசான வில்லை நான் தொட மாட்டேன். கனமான வில் என் எலும்பைக் கெடுத்துவிடும். அதனால் கனமான வில்லையே லேசாக்கிவிட்டார்.

“மொத நாளே ஏழு கிலோ எறக்கிட்டேன்” என்றார். “பயமா இருந்துச்சு. மீதிய ஒரு சாண் இழுத்தாக் கைக்கு நாலு கிலோதான் வரும். நீ கூட இழுக்க இழுக்க, வாரத்துக்கு ஒரு கிலோ கொறச்சேன். நீ மரவள்ளிக் காட்டுக்குப் போற நேரத்துல சுரண்டுவேன். கை பலமாயிருச்சுன்னு நீ ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் குதிப்பே. எப்பிடிச் சொல்றது?”

“சுரண்டுன தூளெல்லாம் எங்கீங்க? நான் ஒரு நாளும் பாக்கலியே.”

அவர் வெளியடுப்பைப் பார்த்தார்.

ஒரே குச்சியில் பற்றிய அடுப்பு. மூன்று வருடம் பரணில் காய்ந்த தடசு மரத்தின் சுருள் பற்றாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த மனுசன் தன்னுடைய வில்லை ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பில் வைத்து, என் முழங்கைக்கு வெந்நீர் காய்ச்சியிருக்கிறார். நானோ, அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டீர்களே என்று சொல்லியிருக்கிறேன்.

வில்லை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் மார்கழியில் பார்த்த மாதிரியே இருந்தது. உள்பக்கம் பாதிக்குப் பாதி தேய்ந்து, ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. கெடுக்கிறோம் என்று தெரிந்து செய்த வேலையிலும் கை கோணவில்லை. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள், என் கன்னத்தில் நாண் தொடும் வரை நிறுத்தவில்லை. நான் அவருக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

“போட்டிக்குப் பேர் குடுத்திருந்தீங்களே” என்றேன்.

“குடுக்கல” என்றார்.

ஓரி விழாவுக்கு இரண்டு பேரும் போனோம். நானே கொண்டை போட்டு, அதில் நாலு முழம் கதம்பம் வைத்துக்கொண்டு போனேன். வழியில் ஆர்த்திக்குப் போன் போட்டுக் கொண்டை போட்டதைச் சொன்னேன். “அப்போ நூத்தி முப்பது தாண்டியிருக்குங்க” என்று அவள் சிரித்தாள். செங்கோடனும் இளங்கோவும் போட்டியில் அம்பு விட்டார்கள். செங்கோடன் மூன்றாவது வந்தான். இவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்று விசிலடித்தார்.

செங்கோடன் வந்து, “அந்த இருவது கிலோ வில்லு இருந்திருந்தா நீங்கதானுங்கண்ணா மொதல்ல. எங்க போச்சு அது?” என்று கேட்டான்.

“எங்க ஊட்டுல ஒருத்தருக்கு வேண்டியிருந்துச்சு” என்றார்.

நான் அவனிடம் முழுசாகச் சொன்னேன், நாலு கிலோ என்பதையும் சேர்த்து. மளிகைக் கடைக்காரரிடமும் திருத்திச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் கேட்டவர்களைத்தான் எங்கே போய்த் தேடுவது?

அந்த வாரம் காற்றில் பாவாயி அக்காவின் காட்டில் ஒரு தடசு மரம் சாய்ந்தது. சேதி கேட்டதும் அவருக்கு முன்னால் நான் போய் நின்றேன்.

“அக்கா, நடுத்துண்டு எனக்கு வேணும். வெறகுக்கு வெட்டீராதீங்க.”

“உனக்கா? நீயா வில்லு செய்யப்போறே?”

“அவருக்கு.”

பாவாயி அக்கா என் முகத்தையும் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். “எடுத்துக்கிட்டுப் போ கண்ணு” என்றாள்.

அவர் ஆப்பு வைத்துப் பிளந்தார். இந்தத் தடவை இரண்டு துண்டு நேராகத் தேறியது. ஒன்றைத் தடவிப் பார்த்து, “இது நல்லா வரும்” என்றார். முனைகளுக்கு நான் பெயிண்ட் பூசினேன். சமையலறைக்குக் கொண்டுபோனதும் அவர் ஸ்டூலைத் தேடினார். அதற்குள் நான் ஒரு துண்டைத் தூக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, பரணில் ஏற்றினேன். ஈர மரம், நல்ல கனம். வலது முழங்கை சுருக்கென்றது, ஆனால் விடவில்லை. அடுத்ததையும் ஏற்றினேன்.

அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு வருசம் காயோணும் அம்மிணி.”

“காயட்டுமுங்க” என்றேன். “அண்டா கட்டிலுக்கு அடியிலயே இருக்கட்டும்.”